பின்கட்டு வரை வைஃபை: ஆர்ச்சர் சி6 போதுமா?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர்களோ மோடத்தை முகப்பிலேயே மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நடுவில் வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர்கள், தேக்குக் கதவுகள். எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான். முகப்பில் 90-ஐத் தாண்டும் வேகம், அடுப்படியில் 3-க்கு இறங்கிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரைத் தாண்டுவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தட்டுத்தடுமாறிப் பின்கட்டுக்கு வந்து டவர் மட்டும் காட்டும். "தம்பி, உருண்டுக்கிட்டே இருக்குப்பா" என்று ஆச்சி போனை நீட்டுவார்.

கடையில் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது ரிப்பீட்டரைத்தான். விலை குறைவு, பிளக்கில் செருகினால் போதும். ஆனால் மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது, வேகம் பாதியாகிவிடும். அதுவும் சிக்னல் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைத்தால்தான். இந்த வீடுகளில் பாதி வழி என்பது வளவு. எந்த வளவுத் தூணில் பிளக் பாயிண்ட் இருக்கிறது?

மெஷ் நல்ல தீர்வுதான். ஆனால் இரண்டு பேண்டு மட்டும் உள்ள பட்ஜெட் மெஷ், பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்வதற்கும் அதே காற்றையும் அதே சுவரையும் நம்பியிருக்கிறது.

ஆகவே கேபிள். முகப்பிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் ஒயர், அதன் முனையில் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6. இது வைஃபை 5 ரூட்டர்; புதிய சரக்கில்லை. இரண்டு பேண்டு, எல்லாப் போர்ட்டும் கிகாபிட், விலை இரண்டாயிரத்துச் சொச்சம். செட்டிங்ஸில் ஆபரேஷன் மோடுக்குப் போய் ஆக்சஸ் பாயிண்ட் என்று மாற்றினால், ஐபி முகவரி கொடுக்கும் வேலையை மோடத்திடமே விட்டுவிடுகிறது. மோடத்தின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் இதற்கும் கொடுத்தோம். 2.4-இல் சேனலை மட்டும் முன்னால் 1, பின்னால் 11 என்று பிரித்து வைத்தோம். அடுப்படியில் இப்போது முகப்பில் வரும் அதே வேகம்.

பரணில் பழைய ரூட்டர் கிடந்தால் இதைக்கூட வாங்க வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் மோடு இல்லாவிட்டாலும் டிஹெச்சிபியை அணைத்து, மோடத்தோடு மோதாத ஐபி ஒன்றைக் கொடுத்து, கேபிளை வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகினால் அதே வேலையைச் செய்யும்.

கவனம் வேண்டிய இடம் ஒயர்தான். கேட்6 என்று அச்சடித்து விற்பதில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூசியதும் உண்டு. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேட்5இ போதும்; 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். முனையில் ஆர்ஜே45 அடிக்கும்போது எட்டுக் கம்பியில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு 1000-லிருந்து 100-க்கு இறங்கிவிடலாம். நெட் வருவதால் யாரும் கவனிப்பதில்லை. எலக்ட்ரீஷியன் கிளம்புமுன் ரூட்டர் பக்கத்தில் லிங்க் வேகத்தைப் பார்த்துவிடுங்கள். எங்கள் ஒயர், பழைய கேபிள் டிவி ஒயர் போன ஓட்டை வழியாகவே வந்துவிட்டது. தேக்கில் துளை போட யாருக்கு மனசு வரும்?

ஒரு குறை உண்டு. வாட்ஸ்அப் காலில் பேசிக்கொண்டே முகப்பிலிருந்து பின்கட்டுக்கு நடந்தால் நடுவில் குரல் ஒரு கணம் அறுந்துபோகிறது. எந்த சிக்னலை விடுவது, எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான். அது பழையதை எளிதில் விடுவதில்லை. மெஷ் இந்த இடத்தில் சுமுகம். இன்னொன்று: கரண்ட் போனால் மோடத்துக்கு மட்டும் யுபிஎஸ் இருந்து பயனில்லை, பின்கட்டு ரூட்டருக்கும் வேண்டும்.

ஒயர் இழுக்க வழியிருந்தால் ஆர்ச்சர் சி6-ஐத் தயங்காமல் வாங்கலாம். வழியே இல்லையென்றால் மெஷ். அதிலும் பெட்டியைத் திருப்பிப் போர்ட்டைப் பாருங்கள்: டிபி-லிங்கின் மெஷ் வகையில் டிகோ இ4-இல் 100 எம்பிபிஎஸ் போர்ட், டிகோ எம்4-இல் கிகாபிட். பிளான் 100-க்கு மேல் என்றால் எம்4-ஐயே கேளுங்கள்.