ரேடார் டிடெக்டர்: எந்தச் சாலையில் காசுக்கு உழைக்கும்?

நியூ ஜெர்சியிலிருந்து ஐ-95 நெடுஞ்சாலையில் தெற்கே போகும் காரின் விண்ட்ஷீல்டில், போலீஸின் வேக ரேடாரை முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு ரேடார் டிடெக்டர் ஒட்டியிருக்கிறது. டெலவேர், மேரிலாந்து வரை அதை யாரும் கேட்கப்போவதில்லை. போட்டோமாக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் அதே பெட்டி சட்டவிரோதம். தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே இப்படி ஒரு கோடு இருக்கிறது. டிடெக்டர் வாங்க நினைப்பவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், தம் வண்டி எந்தெந்த மாநிலங்களில் ஓடுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கருவிக்குச் சந்தையை உண்டாக்கிக் கொடுத்ததே ஒரு சட்டம்தான். எண்ணெய் நெருக்கடியில் எரிபொருளைச் சேமிப்பதற்காக 1974-இல் அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு வந்தது. ஆளில்லாத சமவெளிச் சாலைகளிலும் அதே 55 என்றதும் லாரி ஓட்டுநர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் டிடெக்டரைத் தேடி வாங்கினார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த ஃபஸ்பஸ்டர் முதலில் பெயர் வாங்கியது. 1978-இல் சின்சினாட்டி மைக்ரோவேவ் நிறுவனம் அதைவிடப் பல மடங்கு கூர்மையான எஸ்கார்ட்டைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான மைக் வாலன்டைன் பின்னர் பிரிந்து போய், 1992-இல் ‘வாலன்டைன் ஒன்’ கருவியை வெளியிட்டார். ரேடார் முன்னாலிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா என்று அம்புக்குறி காட்டியது அது. இன்று யூனிடன் ஆர்-8 வரை நல்ல கருவிகள் பலவற்றிலும் அந்த அம்புக்குறி இருக்கிறது.

போலீஸ் ரேடார் ஓர் அலையை அனுப்பி, அது காரில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்கிறது. 34.7 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி மணிக்கு 60 மைலில் வரும் கார், திரும்பும் அலையில் ஏறத்தாழ 6,200 ஹெர்ட்ஸைக் கூட்டிவிடும். அந்த வித்தியாசம்தான் ரேடார் திரையில் வேகமாகத் தெரிகிறது. ஆனால் ரேடாருக்கு அலை போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். டிடெக்டருக்குப் போகிற அலை மட்டுமே போதும். தூரம் இரட்டிப்பானால் டிடெக்டருக்குக் கிடைக்கும் வலு நான்கில் ஒன்றாகக் குறைகிறது, ரேடாருக்குத் திரும்புவதோ பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. இருட்டில் டார்ச் அடிப்பவரை நாம் வெகு தூரத்திலிருந்தே பார்த்துவிடுகிறோம், அவருக்கு நம் முகம் தெரிய நாம் பக்கத்தில் போக வேண்டியிருக்கிறது அல்லவா, அந்தக் கணக்குதான். டிடெக்டர் வியாபாரம் முழுக்க இந்த ஒரு சாதகத்தின் மேல் நிற்கிறது.

நல்ல கருவி அதை எப்படிக் காட்டும் என்பதைக் கிராமப்புற நெடுஞ்சாலை ஒன்றில் பார்க்கலாம். சமதளம், எதிரே வண்டி இல்லை. திரையில் கே-ஏ பேண்ட், 34.7 என்று எழுத்து விழுகிறது; அம்புக்குறி முன்பக்கம். முதலில் ஒரு பீப், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு பீப். மேடு ஏற ஏற இடைவெளி சுருங்குகிறது. உச்சியைத் தாண்டும்போது விடாமல் கத்துகிறது. இறக்கத்தில், மரத்தடியில், மாநிலப் போலீஸ் கார். அதைக் கடந்ததும் அம்புக்குறி பின்பக்கம் திரும்புகிறது, சத்தம் மெல்ல அடங்குகிறது. கே-ஏ என்பது போலீஸ் ரேடார் பயன்படுத்தும் அலைவரிசைத் தொகுதிகளில் ஒன்று; அதில் 34.7 கிகாஹெர்ட்ஸ் என்பது ஸ்டாக்கர் நிறுவன ரேடார்களின் அலைவரிசை. 33.8, 35.5 ஆகிய இரண்டும் போலீஸ் ரேடார்களுக்கு உரியவையே. இந்த மூன்று எண்களில் ஒன்று திரையில் விழுந்தால் பெரும்பாலும் அது நிஜம்.

ஊருக்குள் வந்தால் நிலைமை வேறு. 24 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள கே பேண்டில் போலீஸ் ரேடார் மட்டும் இல்லை. மருந்துக்கடையின் தானியங்கிக் கதவும் சூப்பர் மார்க்கெட் கதவும் அதே அலையில் வேலை செய்கின்றன. அதைவிடப் பெரிய தொல்லை கார்களே. பக்கத்து லேனில் வண்டி வருவதை எச்சரிக்கும் பிளைண்ட் ஸ்பாட் சென்சார்கள் பல மாடல்களில் 24 கிகாஹெர்ட்ஸில் அலை வீசுகின்றன. அப்படி ஒரு கார் முன்னால் போனால் மலிவான டிடெக்டர் அதன் கூடவே கத்திக்கொண்டு வரும். புதிய கார்கள் 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி வருகின்றன என்றாலும், பழைய சென்சார்கள் இன்னும் பல வருடங்கள் சாலையில் இருக்கும்.

விலை வித்தியாசத்தின் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. 100 டாலர் கருவிக்கும் 400, 500 டாலர் கருவிக்கும் ரேடாரைப் பிடிக்கும் தூரத்தில் வித்தியாசம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் கூடுதல் பணத்தின் பெரும்பங்கு, பொய் அலாரத்தை வடிகட்டுவதற்குத்தான். எஸ்கார்ட்டின் ஜிபிஎஸ் மாடல்கள் தினமும் கடக்கும் கடைக்கதவைத் தாமாகவே நினைவில் வைத்து வாயை மூடிக்கொள்கின்றன. யூனிடன் ஆர்-3-இல் பட்டனை அழுத்தி அந்த இடத்தைப் பதிய வேண்டும். வாலன்டைன் ஒன் இரண்டாம் தலைமுறையில் உள்ளே ஜிபிஎஸ் இல்லை, போன் ஆப்பை இணைக்க வேண்டும். மலிவுக் கருவியின் உண்மையான கெடுதல், அது ரேடாரைத் தவறவிடுவதைவிட ஓட்டுநரின் காதைப் பழக்கிவிடுவதுதான். நாள் முழுக்கக் கத்தும் பெட்டி, நிஜமான ரேடாருக்குக் கத்தும்போதும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த 100 டாலர் வீண்.

இனி, எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தக் கருவியால் முடியாதவை. அனுபவமுள்ள போலீஸ்காரர் ரேடாரை அணைத்தே வைத்திருந்து, குறிவைத்த கார் பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி மட்டும் இயக்குவார். டிடெக்டர் கத்தும்போது வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். முன்னே போன வேறொரு காரை அவர் அளந்திருந்தால்தான் தப்பலாம். லேசர் கன் இன்னும் கறார். அதன் கதிர் 300 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம்தான். அரை நொடிக்குள் அளந்துவிடும். டிடெக்டரில் லேசர் எச்சரிக்கை வந்தால், பெரும்பாலும் அது ‘உன்னை அளந்தாயிற்று’ என்ற செய்தி. அலையே வீசாத முறைகளும் உண்டு. பென்சில்வேனியாவில் ரேடார் நீண்ட காலமாக மாநிலப் போலீஸுக்கு மட்டுமே உரியது. உள்ளூர்ப் போலீஸ், சாலையில் குறித்த இரு கோடுகளுக்கு இடையே கார் எடுக்கும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. அந்த ஊர்களில் 700 டாலர் கருவியும் ஊமைதான். ரேடாரைக் குழப்பும் ஜாமர் என்ற பேச்சுக்கே போகவேண்டாம். அது நாடு முழுவதும் மத்தியச் சட்டப்படி குற்றம்.

போனில் இலவசமாக ஓடும் வேஸ் ஆப் இதற்கு மாற்றாகுமா? நகரத்திலும் நெரிசலான இன்டர்ஸ்டேட்டிலும் ஆகும். முன்னால் போனவர்கள் தட்டிவிடும் எச்சரிக்கை, லேசரோடு நிற்கும் போலீஸ்காரரையும் காட்டிவிடுகிறது. அது எந்த டிடெக்டராலும் ஆகாத வேலை. முன்னால் யாரும் போகாத இரவுச் சாலையில் மட்டும் வேஸ் மௌனமாகிவிடும். ஆகவே டிடெக்டருக்கு மிஞ்சும் களம் சிறியது: டெக்சஸ், கான்சாஸ், வயோமிங் போன்ற மாநிலங்களின் நீண்ட, ஆளரவமற்ற நெடுஞ்சாலைகள். வேலைக்காக வாரந்தோறும் அங்கே ஓட்டுபவருக்கு 400 டாலர் கருவி நியாயமான செலவு. ஒரே ஒரு டிக்கெட்டின் அபராதமும், அதற்குப் பின் ஏறும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் சேர்ந்தாலே அந்தத் தொகையைத் தாண்டிவிடலாம்.

ஆனால் வேகமாக ஓட்டுவதற்காக இதை வாங்குகிறவருக்கு விற்கவே கூடாது. 2022-இல் அமெரிக்காவில் அதிவேகம் காரணமான விபத்துகளில் 12,151 பேர் இறந்தார்கள். இந்தக் கருவி நன்மை செய்யும் இடம் வேறு: இறக்கத்தில் வரம்பு 65-லிருந்து திடீரென 45 ஆகும் சிற்றூர் எல்லை, கவனம் சற்றுத் தளர்ந்த நீண்ட பயணத்தின் ஐந்தாவது மணி நேரம். அங்கே ஒரு பீப் ஓட்டுநரின் கண்ணை ஸ்பீடோமீட்டருக்குத் திருப்புகிறது.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். வர்ஜீனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் எல்லா வண்டிகளிலும் தடை. 10,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வணிக வண்டிகளுக்கு மத்திய விதிப்படி நாடு முழுவதும் தடை. கலிஃபோர்னியா, மினசோட்டாவில் விண்ட்ஷீல்டில் ஒட்டுவதற்குக் கட்டுப்பாடு இருப்பதால் டேஷ்போர்டில் வைக்க வேண்டும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் மூன்றில் மட்டும் அனுமதி. டொரொன்டோவுக்குப் போகிறவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். வர்ஜீனியா போலீஸிடம் டிடெக்டரையே கண்டுபிடிக்கும் ஸ்பெக்டர் என்ற கருவி உண்டு. டிடெக்டருக்குள் இருக்கும் ஆஸிலேட்டரிலிருந்து கசியும் அலையை அது பிடிக்கிறது. அங்கே வரம்பைவிட 20 மைல் கூடினாலோ, வரம்பு எதுவானாலும் 85-ஐத் தாண்டினாலோ அது வெறும் டிக்கெட் அல்ல, சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றம். கருவிக்கு மின் இணைப்பு இல்லாமலும், காரில் இருப்பவர் கைக்கு எட்டாமலும் இருந்தால் குற்றமில்லை என்று வர்ஜீனியாவின் டிடெக்டர் தடைச் சட்டமே சொல்கிறது. போட்டோமாக் பாலத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுவது உத்தமம்.

வாங்குவதென்றே முடிவானால், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் தரும் கடையில் வாங்குவது நல்லது. அந்த அவகாசத்துக்குள் தினசரி ஓட்டும் பாதையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் கே-ஏ எண்கள் அவ்வப்போது விழுந்து, அந்த இடத்தில் போலீஸ் கார் கண்ணில் பட்டால் கருவியை வைத்துக்கொள்ளலாம். வந்ததெல்லாம் மருந்துக்கடைக் கதவும் பக்கத்து லேன் எஸ்யூவியும்தான் என்றால், ரசீதோடு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேஸை இறக்கிக்கொள்ளலாம்.