பண் பெயர் எங்கே?

குற்றாலத்துக்குச் சம்பந்தர் பாடிய முதல் திருமுறைப் பதிகத்தின் பண் குறிஞ்சி. ஓதுவார்கள் அதை அரிகாம்போதியில் பாடுகிறார்கள். கச்சேரியில் கேட்கிற குறிஞ்சி ராகமோ சங்கராபரணத்தின் ஜன்யம். தென்காசியில் உட்கார்ந்து யூடியூபில் ‘குறிஞ்சி’ என்று தேடிப் பதிகம் கத்துக்க நினைக்கிறவர் வேறு வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

சீக்கியர்களின் குரு கிரந்த சாகிப் பெரும்பகுதியும் 31 ராகங்களின் வரிசையில் அமைந்தது; தேவாரத்துக்கும் பண்முறை உண்டு. இரண்டிலும் பாட்டுக்கு முகவரி அதுதான்.

தருமபுரம் ப. சுவாமிநாதன் குரலில் சொல் சிதையாமல் பண் நிற்கிறது. அந்தப் பதிவைத் துண்டாக்கி, பண் பெயர் இல்லாமல் பகிர்ந்தால் கேட்க இனிமைதான், கற்க வழியில்லை. என் வேலையில் மெட்டாடேட்டா தொலைந்த கோப்பைத் தேடி எடுப்பது பெரும்பாடு; இதுவும் அப்படித்தான். தலம், பண், பாடியவர் மூணையும் எழுதிட்டுப் பகிருங்க.