கடல் இழப்பும் 'சராசரி'யும்

மலையடிவார ஊராகிய மேட்டுப்பாளையத்திலிருந்து கடற்சொல் பற்றிய வழக்கு ஒன்று நம்மிடம் வந்து சேர்ந்தது. உருளைக்கிழங்கு மண்டிகளும் பாக்கு வாணிகமும் நிறைந்த அவ்வூரில் உப்புக்காற்று வீசுவதில்லைதான். ஆயினும் நீலகிரித் தேயிலை அவ்வழியே இறங்கிக் கொச்சித் துறைமுகம் சென்று கப்பலேறுகிறது. அவ்வூர் அன்பர் ஒருவர், தம் மகன் பயிலும் வணிகவியல் வழிகாட்டி நூலொன்றைக் கொணர்ந்து, "கப்பல் காப்பீட்டுப் பகுதி எங்களுக்கு விளங்கவில்லை, பாருங்கள்" என்றார். பார்த்தோம். விளங்காதது அவர் குற்றமன்று.

கடல் காப்பீட்டில் 'ஜெனரல் ஆவரேஜ்' என்றொரு முறை உண்டு. புயலில் சிக்கிய கப்பலைக் காக்கச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த இழப்பைக் கப்பலுடையவரும் சரக்குடையவர் அனைவரும் தத்தம் உடைமையின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்து ஏற்பர். நூலாசிரியர் இதனைப் 'பொதுச் சராசரி' என்று பெயர்த்துவிட்டார். கணக்கிட்டுப் பார்ப்போம். கப்பலும் சரக்கும் சேர்ந்து 1 கோடி ரூபாய் பெறும். எறிந்தது 10 லட்சம் என்க. 5 லட்சம் ரூபாய்த் தேயிலை அனுப்பியவர் தரவேண்டியது 50,000. உடைமையாளர் பத்துப்பேர் என்று கொண்டு சராசரி பார்த்தாலோ தலைக்கு 1 லட்சம்! சொல்லை நம்பிய வணிகர் இருமடங்கு கொடுக்க ஒப்புவார். இனி, ஒருவர் சரக்கு மட்டும் கெட்டு அவரே இழப்பை ஏற்கும் நிலைக்குக் 'குறிப்பிட்ட சராசரி' என்று பெயர் தரப்பட்டுள்ளது. ஒற்றை ஆளுக்கு ஏது சராசரி?

இதில் வேடிக்கை யாதெனில், அந்த ஆங்கிலச் சொல்லே கடலில் பிறந்ததுதான். பழுதைக் குறிக்கும் 'அவார்' என்னும் அரபுச் சொல், மத்தியதரைக் கடல் வணிகர் வாயிலாக இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளைக் கடந்து ஆங்கிலம் புகுந்தது என்பதே ஆய்வாளர் பலர் கொள்கை. இழப்பைப் பங்கிடும் வழக்கத்திலிருந்துதான் கணக்கியற் பொருள் பின்னர் கிளைத்தது. தாயை மகளின் பெயரால் அழைத்திருக்கிறார் ஆசிரியர்.

ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று இது. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்னும் பெருங்கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே ஆறு நாள் சிக்கிக் கிடந்தது. கப்பலுடையவர் இவ்விழப்புப் பங்கீட்டை அறிவித்தார். தம் சரக்கில் சிறு கீறலும் விழாத வணிகர்கள்கூடப் பிணை கொடுத்த பின்பே அதைப் பெற முடிந்தது.

'கடல் இழப்புப் பங்கீடு' என்றால் போதுமே. மண்டியில் தரகும் பங்கும் அறிந்தவர்க்கு இது உடனே விளங்கும்.

'லெட்டர் ஆஃப் கிரெடிட்' என்பதைக் 'கடன் கடிதம்' என்பதும் இத்தகையதே. உரிய ஆவணங்கள் முறையாக வந்தால் பணம் தருவதாக வங்கி விற்பவருக்கு அளிக்கும் உறுதி அது. கடன் என்றதும் வட்டியை எண்ணி ஒதுங்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்கள் ஏற்றுமதிப் படியையே மிதியாது திரும்பிவிட ஒரு தவறான சொல் போதும். 'வங்கி உறுதிக் கடிதம்' எனலாம்.

சொல்வளம் நமக்கில்லாமலா? வழிகாட்டுபவரை 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே நம் கடலோரத்தில் மாலுமியாயிற்று. 'சுக்கான்' அரபியிலிருந்தும், 'நகுதா' பாரசீகத்திலிருந்தும் வந்தவை. உண்டியல் என்றால் இன்றைய பிள்ளைகள் காசுபோடும் பெட்டியையே நினைப்பர். அது வணிகரின் பணமாற்றுச் சீட்டுக்கும் பெயர். 1881ஆம் ஆண்டின் செலாவணி ஆவணச் சட்டம்கூட, கீழைமொழிகளில் எழுதிய அத்தகைய சீட்டுகளுக்கான உள்ளூர் வழக்கத்தைத் தொடாது விட்டது.

ஆயினும் நம்மவருக்கும் ஒரு சொல். 'செக்' முதல் எல்லாமே அரபியென்று மேடையில் முழங்குவது ஆராய்ச்சியாகாது. 'செக்' எங்கிருந்து பிறந்தது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெருமைக்காகச் சொற்பிறப்பை வளைப்பவர், நாம் குறை கூறும் நூலாசிரியரினும் மேலானவரல்லர்.

நூலைத் திருப்பித் தந்தபோது, "தேர்வில் என் மகன் எதை எழுதுவது?" என்று அன்பர் கேட்டார். தேயிலைக் கணக்கை முதலில் எழுதிவிட்டு, பெயரை அதன் கீழே எழுதச் சொன்னோம்.