மடியும் தொட்டியும்

பாக் விரிகுடாக் கரையிலுள்ள கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் சீலா, குழம்புக்கு வாங்கிப்போகிற மீன். 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அதே சீலா ஒரு குடும்பத்தையே அழித்துவிடுகிறது. தாய் கோமாளி மீனும் பாறைப் பொந்தில் இட்ட நானூறு முட்டைகளும் போய், நீமோவாகப் பிறக்கப்போகும் ஒற்றை முட்டை மிஞ்சுகிறது. 2003 மே மாதம் குழந்தைகளுக்காகத் திரைக்கு வந்த படம், கடலில் எது எதைத் தின்னும் என்பதிலிருந்து கதையைத் தொடங்கியது. தகப்பன் மார்லின் ஏன் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறான் என்று அதன்பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 2016 ஜூனில் 'ஃபைண்டிங் டோரி' வந்தது. இயக்குநர் அதே ஆண்ட்ரூ ஸ்டான்டன்; ஆங்கஸ் மக்லேன் இணை இயக்குநர். வசூல் 100 கோடி டாலரைத் தாண்டி முதல் படத்தை விஞ்சியது. முதல் படம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றிருந்தது. இரண்டாவதோ அந்தப் பிரிவின் ஐந்து படப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. அந்த ஆண்டு பட்டியலில் 'மோனா' என்ற கடல் கதை இருந்தது.

வசூலையும் விருதையும் ஒதுக்கிவிட்டு இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதுதான் நியாயம். அப்படிப் பார்த்தால் டோரிக்குச் சேரவேண்டிய பாராட்டு முதலில் கண்ணில் படும். நீமோவில் மார்லினுக்குத் துணையாக வரும் டோரி என்ற மீனின் மறதி சிரிப்புக்கு வைத்த சரக்கு. பேசியதை மறுநொடி மறப்பாள், நீமோவின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்வாள், அரங்கம் சிரிக்கும். இப்படி மறந்துபோகிற ஒரு குஞ்சைப் பெற்றவர்கள் எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இரண்டாவது படம் அதைத்தான் கேட்கிறது. சின்ன டோரிக்கு வழி மறக்காதிருக்க, அப்பா சார்லியும் அம்மா ஜென்னியும் சிப்பிகளை வரிசையாக வைத்து வீட்டுக்குத் திரும்பப் பழக்குகிறார்கள். பிள்ளை தொலைந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. பல ஆண்டு கழித்து, இருண்ட கடற்பாசிக் காட்டின் தரையில் டோரி ஒரு சிப்பி வரிசையைப் பார்க்கிறாள். அதன் வழியே போய்ச் சேரும் இடத்தில், எல்லாத் திக்கிலிருந்தும் சிப்பி வரிசைகள் ஒரே வீட்டை நோக்கி வந்து கூடுகின்றன. வசனமே இல்லாமல், அந்தப் பெற்றோர் கழித்த நாளெல்லாம் அங்கே தரையில் கிடக்கிறது. நீமோவில்கூட இவ்வளவு நெஞ்சைப் பிடிக்கும் காட்சி ஒன்றிரண்டுதான்.

தொடர்ச்சிப் படங்கள் வழக்கமாகச் செய்வது வேறு. முதல் படத்தில் கைதட்டு வாங்கிய துணைப் பாத்திரத்தை எடுத்து, அதே சேட்டையை இன்னும் பெரிதாக ஊதிக்காட்டுவார்கள். இந்தப் படங்களை எடுத்த பிக்சாரே 2011-இல் 'கார்ஸ் 2' படத்தில் மேட்டர் என்ற இழுவை வண்டியை அப்படித்தான் உளவு நாயகன் ஆக்கியது. டோரி அந்தக் குழியில் விழவில்லை. முன்பு சிரித்ததற்காகப் பார்ப்பவரையே கொஞ்சம் கூச வைக்கிறது.

ஆனால் இதைச் செய்வதற்காகப் படம் கடலைக் கைவிட்டது. குறை அங்கேதான்.

நீமோவில் பிடிபட்ட பிள்ளையைத் தேடிப் பவளத் திட்டிலிருந்து சிட்னி போய்ச் சேர மார்லினுக்குப் படம் முழுவதும் தேவைப்படுகிறது. சுறா, ஆழத்து இருட்டில் விளக்கேந்திய மீன், சொறிமீன் கூட்டம், ஆமைகள் ஏறிப்போகும் நீரோட்டம், திமிங்கலத்தின் வாய் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கடல் தன் முகத்தை மாற்றிக் காட்டும். டோரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியா வரை, பசிபிக் பெருங்கடலின் குறுக்கே, ஆமை முதுகில் சில நிமிடத்தில் போய்விடுகிறார்கள். பிறகு கதை மோரோ பே கரையிலுள்ள கடல்வாழ் உயிரின நிறுவனத்துக்குள் புகுந்து, தொட்டிக்கும் குழாய்க்கும் வாளிக்கும் இடையிலேயே சுற்றுகிறது. பவளக் கடலின் வெதுவெதுப்பில் வாழும் மீன்கள் அந்தக் குளிர்நீரைத் தாங்குமா என்ற கேள்வியே எழவில்லை. முதல் படத்துக்கு ஆடம் சம்மர்ஸ் என்ற மீனியல் அறிஞரை வைத்துத் துடுப்பின் அசைவைக்கூடச் சரிபார்த்தது இதே பிக்சார்தான்.

தண்ணீரின் விதியும் தளர்ந்துபோகிறது. நீமோவில் மீன் கரையேறினால் மூச்சுக்குத் தவிக்கும். நைஜல் என்ற கூழைக்கடா வாய்ப்பையில் நீரோடு சேர்த்துத்தான் மார்லினையும் டோரியையும் சுமக்க முடிந்தது. டோரியில் காபிக் குடுவைக்குள் இருந்துகொண்டு ஊர்சுற்றலாம். ஹாங்க் என்ற ஏழு கைப் பேய்க்கணவாய் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறது; கடைசியில் லாரியே பறந்து கடலில் விழுகிறது. ஹாங்க் அருமையான படைப்பு. அது நிறம் மாறிச் சுவரோடு சுவராக மறையும் அழகுக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். ஆனால் எதுவும் நடக்கலாம் என்றான பிறகு, எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

முதல் படத்தின் வலைமடிக் காட்சியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பெரும் மீன்கூட்டத்தோடு டோரியும் மடிக்குள் சிக்கிக்கொள்கிறாள். எல்லோரும் கீழே நீந்துங்கள் என்று நீமோ சொல்ல, அத்தனை மீனும் ஒரே திசையில் அழுத்த, படகின் இழுகட்டை முறிந்து மடி கீழே இறங்குகிறது. பாக் விரிகுடாவில் இந்தக் காட்சியை வெறும் சாகசமாகப் பார்த்துவிட முடியாது. இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலையே முறைவைத்துப் பங்கிட்டிருக்கிறார்கள். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகளின் இழுவைமடி அடித்தரையைச் சுரண்டுகிறது என்பது நாட்டுப்படகுக்காரர்களின் நெடுநாள் வழக்கு. இந்தக் கரையிலிருந்து பார்த்தால், மடி தரையை நோக்கி இறங்கும் அந்த நொடியில் மீன் தப்புவதும் தெரியும், ஒரு படகின் அன்றைய கூலி போவதும் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் இடம்தரும் அளவுக்கு அந்தக் கடல் பெரியது.

டோரியில் மனிதர்கள் வருவது மீட்பவர்களாக. மீட்பு, பராமரிப்பு, விடுவிப்பு என்பது அந்த நிறுவனம் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம். மீட்பும் விடுவிப்பும் இந்தக் கரையிலும் உண்டு, வேறு விதமாக. கட்டுமாவடியை ஒட்டிய கடலில் 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளைச் சேர்த்து 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு ஒரு நேரத்தில் ஒரு கன்றுதான் ஈனும். கன்று ஒன்றரை ஆண்டுவரை தாயோடு ஒட்டியே திரியும். இந்தக் கரையில் வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர்கள் வலையை அறுத்து விட்டிருக்கிறார்கள், வனத்துறை அவர்களுக்கு வெகுமதி தந்திருக்கிறது. தொட்டி கட்டாமல், கண்ணாடிக்கு அப்பால் கூட்டம் சேர்க்காமல், மீட்பும் விடுவிப்பும் இங்கே படகின் ஓரத்திலேயே நடந்துவிடுகின்றன.

கடல் பூங்காக்களைக் கடுமையாகக் கேள்வி கேட்ட 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் 2013-இல் வந்ததும், டோரியின் முடிவைப் பிக்சார் மாற்றியதாக அப்போதே செய்தி வந்தது. மாற்றத்தின் தடம் படத்தில் தெரிகிறது. தொட்டுப் பார்க்கும் குளத்தில் குழந்தைகளின் விரல்கள் மேலிருந்து குண்டுபோல் விழ, அடியில் உயிர்கள் சிதறி ஓடும் காட்சி, டோரியில் முதல் படத்தின் அச்சம் திரும்பிவரும் ஒரே இடம். அது நீடிக்கவில்லை, சில நிமிடத்தில் படம் மறுபடி விளையாட்டுக்குப் போய்விடுகிறது.

பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் ஒரு சிறு காட்சி வருகிறது. முதல் படத்தின் முடிவில் பல் மருத்துவரின் தொட்டியிலிருந்து தப்பி, நெகிழிப் பைக்குள் இருந்தபடியே சிட்னிக் கடலில் மிதந்த அதே மீன்கள். பைகளில் பாசி படர்ந்திருக்கிறது. பசிபிக்கைக் கடந்து மோரோ பே வந்து சேர்கிறார்கள். நிறுவனத்து ஆட்கள் வந்து, அவர்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள்.