ஓடும்போதே செருகலாம்
தொலைபேசி நிலையத்தில் மைனஸ் 48 வோல்ட் மின்சாரம் நிற்கவே கூடாது. அதனால் பழுதான சர்க்யூட் அட்டையை மின்சாரத்தை நிறுத்தாமல் அப்படியே உருவிவிட்டுப் புதியதைச் செருகுகிறார்கள். புது அட்டையின் காலி மின்தேக்கிகளோ, தொட்ட கணமே ஷார்ட் சர்க்யூட் போலக் கரண்டை இழுக்கும். அட்டையின் இணைப்பு முள் கருகும், பக்கத்து அட்டைகளுக்கும் வோல்டேஜ் சரியும்.

இதைத் தடுக்கும், நகத்தளவே உள்ள ஹாட் ஸ்வாப் சிப்பின் பொறுமை இங்கேதான் அழகு. முள்ளின் அதிர்வு அடங்கும்வரை சும்மா இருக்கிறது. பிறகு, கரண்டின் பாதையில் சுவிட்சாக நிற்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை மெல்ல மெல்லத் திறக்கிறது. சில மில்லி ஓம் மின்தடையில் விழும் சொற்ப வோல்டேஜை வைத்தே கரண்டை அளந்து, வரம்பைத் தாண்டாமல் பிடித்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் டைமர். கரண்டைப் பிடித்துவைக்கும் வேளையில் மாஸ்ஃபெட்டே கொதிக்கும். அது தாங்கக்கூடிய நேரத்துக்குள் நிலைமை சீராகாவிட்டால், சிப் யோசிக்காமல் இணைப்பைத் துண்டித்துவிடும்.