மீட்பர் கதையும் நடைமேடையில் நின்றவர்களும்

செஞ்சிக் கோட்டையப் பாக்க வர்றவங்க தேசிங்கு ராஜன் கதையக் கேட்டுட்டுப் போறாங்க. மலைமேல கல் சுமந்தவன் கதைய யாரும் கேக்கறதில்ல. கதை எப்பவும் குதிரைமேல் இருப்பவனுக்கே சொந்தமாகிறது. ‘ஒன் லைஃப்’ (2023) என்ற ஆங்கிலப் படத்தையும் இந்த இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாஜிகளின் பிடி இறுகிய பிராக் நகரிலிருந்து 1939இல் 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, இங்கிலாந்துக்கு ரயிலேற்ற உழைத்த நிகோலஸ் வின்டனின் கதை இது. இயக்கம் ஜேம்ஸ் ஹாவ்ஸ். வின்டன் ஒருவரே எல்லாம் செய்தார் என்று படம் பொய் சொல்லவில்லை. பிராகில் வேலை செய்த டோரின் வாரினரும் டிரெவர் சாட்விக்கும் படத்தில் இருக்கிறார்கள். அந்த நேர்மைய ஒத்துக்கலாம்.

நம்ம கேள்வி வேற. கொழந்தைய மட்டும் உள்ள விட்டு, பெத்தவங்களுக்குக் கதவைச் சாத்தியது யார்? ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 10,000 குழந்தைகளை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. 17 வயசுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே அந்த வழி. வின்டன் பிள்ளைகளுக்குத் தலைக்கு 50 பவுண்டு ஜாமீன். படத்தில் இந்தச் சட்டம், வின்டனும் அவர் தாயாரும் தாண்டிப்போகும் ஒரு ஆபீஸ் தடையாகச் சுருங்கிவிடுகிறது. 1939 செப்டம்பர் 1 அன்று சுமார் 250 குழந்தைகளோடு புறப்பட வேண்டிய ரயில் போரால் நின்றுபோனது. அதுகூட வின்டனின் துக்கமாகவே நம்மிடம் வந்து சேருகிறது.

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. 1938 நவம்பர் 26 ‘ஹரிஜன்’ இதழில், யூதர்கள் கிறித்தவ உலகின் தீண்டப்படாதவர்கள் என்று காந்தி எழுதினார். ஒப்புமை சரி. மருந்து? அகிம்சையோடு துன்பத்தைத் தாங்குங்கள், அடிப்பவன் மனம் மாறும் என்பதுதான். நமக்கு எழுதிக்கொடுத்த அதே சீட்டு! ஆறே நாளில், டிசம்பர் 2 அன்று, முதல் குழந்தைகள் கூட்டம் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. அடுத்த ஒன்பது மாதமும் பெத்தவங்க யாருடைய மனமாற்றத்துக்கும் காத்திருக்கவில்லை. பிள்ளைகளை ரயிலேற்றினார்கள். அவர்களில் மிகப்பலர் பிறகு முகாம்களில் கொல்லப்பட்டார்கள்.

அப்படின்னா மீட்பின் முதல் ஆள் யார்? பிள்ளையின் கைய விட்ட அந்தத் தாய்தான். படம் அவளை நடைமேடையிலேயே விட்டுவிட்டு ரயிலோடு போய்விடுகிறது.

நம்ம தன்வரலாறுகளும் இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. பள்ளியில் சேர்த்துக்கொண்ட ஃபாதருக்கும் இரக்கப்பட்ட வாத்தியாருக்கும் ஒரு அத்தியாயம். நடவுக் கூலியச் சேத்து ட்ரங்குப் பெட்டி வாங்கிக் குடுத்து, காலனி முனையிலேயே நின்னுட்ட அம்மாவுக்கு ஒரு வரி. யூதத் தாயின் சாவும் நம்ம அம்மாவின் பாடும் ஒன்றல்ல. சமன் செய்தால் இருவருக்கும் துரோகம். ஆனா கதையிலிருந்து அவர்களை இறக்கிவிடுகிற கை ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மீட்பருக்கு நன்றி சொல்லலாம், தப்பில்ல. மீட்பர் தேவைப்படுகிற மாதிரி கதவைச் சாத்தி வைத்தவனைப் பேர் சொல்லிக் கேட்காத கதை மட்டும் பாதிக் கதைதான்.