பழைய தெருவே போதும்

சென்னை அபார்ட்மென்டுகளில் நாய் வளர்க்கும் பலருக்கு வாக்கிங் என்பது ஒரு கடமை. கீழே கூட்டிப்போய், ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவைத்து, பத்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். நாய் ஒரு மின்கம்பத்தருகே நின்றால் கயிறு வெடுக்கென்று இழுபடும். இந்தச் சலிப்புக்கு மாற்றாகப் பயிற்சியாளர்கள் பலரும் இப்போது முன்வைப்பது மோப்ப நடை. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் முகர்வது என்பதை நாயே தீர்மானிக்கும். அதோடு அடிக்கடி வழியை மாற்றவும் சொல்கிறார்கள். முதல் யோசனை வலுவானது. இரண்டாவது நம் தெருக்களுக்கு அப்படியே பொருந்தாது.

மனித மூக்கில் மோப்ப உணர்வணுக்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, 20 கோடிக்கும் மேல். மோப்பம் பிடிக்கையில் அது வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முன்னே இருக்கும் வாசனை கலைந்துபோவதில்லை. அந்தப் பக்கம் வந்துபோன நாய் ஆணா பெண்ணா, இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்பதைச் சிறுநீர்த் தடமே சொல்லிவிடும். வீணாக நிற்பதாக நமக்குப் படும் அந்த இரண்டு நிமிடம்தான் நாய் வெளியே வந்ததன் பயன்.

இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சியும், வேறு சிலவற்றுக்கு உரிமையாளரை ஒட்டி நடக்கும் பயிற்சியும் தரப்பட்டன. உணவு இருக்குமா இராதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி, மோப்பப் பயிற்சி பெற்றவை முன்பைவிட விரைந்து சென்றன. நம்பிக்கை கூடியதன் அடையாளம் அது. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது ஒளித்துவைத்த உணவைத் தேடும் விளையாட்டு. தெருவில் நடக்கும் நடை அல்ல. பங்கேற்ற நாய்களும் குறைவு. நடையைப் பற்றி இந்த ஆய்வு நேரடியாக எதையும் நிறுவிவிடவில்லை.

நம் ஊரில் முதல் தடை வெயில். கோடை நண்பகலில் தார்ச்சாலை 50 டிகிரிக்கும் மேல் கொதிக்கும், பாதம் வெந்துவிடும். இன்னொரு பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. நாய் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் வாயால் இரைத்துத்தான்; இரைக்கும் நாயால் சரிவர முகர முடியாது. ஒன்பது மணி வெயிலில் மோப்ப நடை என்பது பெயரளவில்தான். அடுத்தது, மூக்கு போகும் இடத்துக்கு வாயும் போகும் என்பது. பிரியாணிப் பொட்டலத்துக் கோழி எலும்பு, எலி மருந்து, புல்லில் உண்ணி, மழைத் தேக்கத்தில் எலிக்காய்ச்சல் கிருமி என எல்லாம் தரைமட்டத்தில்தான் இருக்கின்றன. தவிர, துள்ளித் திரியும் இளம் லாப்ரடாருக்கு முகர்ந்தபடி நகர்வது மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும்.

புது வழி யோசனை இடறுவது தெருநாய்களிடம். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. தினமும் பார்க்கும் வீட்டு நாயைப் பெரும்பாலும் அவை குரைத்துவிட்டு விட்டுவிடும். புதிதாக வரும் நாயைச் சூழ்ந்துகொள்ளும். அப்போது முகர்வதற்கு ஏது அமைதி? சம்பளத்துக்கு நாயை நடத்துபவர் நிலையையும் பார்க்க வேண்டும். அரைமணியில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியவரிடம் நின்று நிதானமாக நட என்றால், அதற்கான கூடுதல் நேரத்துக்கும் பணம் தரவேண்டும்.

ஆக, மாற்றம் தேவைதான். அதற்குத் தெருவை மாற்ற வேண்டியதில்லை. மனிதக் கண்ணுக்கு அலுத்துப்போன தெருவில் இரவோடு இரவாக எத்தனையோ தடங்கள் விழுந்திருக்கும். விடியற்காலையில், கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னஸ் மாட்டி, கயிற்றைத் தளரப் பிடித்து, அதே தெருவை ஒருநாள் இந்த முனையிலிருந்தும் மறுநாள் அந்த முனையிலிருந்தும் தொடங்கினாலே போதும். குப்பைத்தொட்டி அருகில் மட்டும் கயிறு இறுகட்டும். ஆளில்லாத பகுதியில் கொஞ்சம் ஓடட்டும். கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் நடையைச் சுருக்கிக்கொண்டு, வீட்டுக்குள் நாலு இடத்தில் தீனியை ஒளித்துவைத்துத் தேடவிடலாம். அந்த ஆய்வின் ஆதரவு நடையைவிட இந்த விளையாட்டுக்கே அதிகம்.